வில்லை வெட்டும் தம்பிகளுக்கு

காரைத் தாழ்த்தி ஓட்டும் தம்பிகளே, அதே ஆசையுள்ள தங்கைகளே,

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊரிலும் பட்டறைப் பக்கம் போனால் அந்தக் காட்சி கிடைக்கும். கழற்றிப் போட்ட காயில் ஸ்பிரிங்கை ஒருவர் காலால் மிதித்துக்கொண்டிருப்பார். ஆங்கிள் கிரைண்டர் பொறி பறக்கும். ஒன்றரைச் சுற்று அறுந்து தரையில் விழும். நாலு ஸ்பிரிங்கும் முடிய அரை நாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் புகுந்த இடத்தில் இப்போது ஒரு விரல் புகும். வண்டி பாயப் பதுங்கிய சிறுத்தை போல நிற்கும். வெளியே எடுத்து முதல் முக்கில் திருப்பினால் முன்பு போலச் சாயாது. உடனே ஒரு தீர்ப்பு வரும்: "இப்பதான்டா வண்டி ரோட்டைப் புடிக்குது!"

பின்சீட்டில் பாட்டி உட்கார்ந்திருந்தால் அவரும் ஒரு தீர்ப்பு சொல்வார். அதை யாரும் கேட்பதில்லை.

இந்த மடல் பாட்டியின் கட்சி. ஆனால் அவருடைய இடுப்புக்காக மட்டும் வாதாட வரவில்லை. ரோட்டைப் பிடிக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் விசாரிக்க வந்திருக்கிறது. வண்டி சாயவில்லை என்பதும் ரோட்டைப் பிடிக்கிறது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் கிரைண்டருக்கு இத்தனை வேலை.

நம் தாத்தாக்களுக்கு இது தெரிந்திருந்தது. கட்டை வண்டியில் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றுமில்லை. சக்கரம் கல்லில் ஏறினால் முதுகெலும்பும் ஏறும். வசதியுள்ள வீட்டில் வில்வண்டி நின்றது. இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து அச்சின்மேல் அடுக்கியிருப்பார்கள். மேலே வைக்கோல், அதன்மேல் மெத்தை, அதன்மேல் குடும்பம். அந்தப் பட்டை வில்தான் அம்பாசிடரின் பின்னச்சிலும் கடைசிவரை இருந்தது, லாரிகளில் இன்றும் இருக்கிறது. கட்டை வண்டியைவிட இறுக்கமான சஸ்பென்ஷன் உலகத்தில் எதுவுமில்லை; எந்த வளைவிலும் சாயாது. அதைப் பார்த்து ரோட்டைப் பிடிக்கிறது என்று எவரும் மெச்சியதில்லை.

வில் எவ்வளவு இறுக்கம் என்பதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டி தன் சொந்த எடையில் அந்த வில்லை எவ்வளவு தூரம் அமுக்கி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். 25 செ.மீ. அமுங்கியிருந்தால், ஒரு முறை அமுக்கிவிட்டால் வண்டி நொடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை ஏறி இறங்கும். 11 செ.மீ. என்றால் ஒன்றரைத் தடவை. 6 செ.மீ. என்றால் இரண்டு. 3 செ.மீ.க்கும் குறைவு என்றால் மூன்று. குடும்பக் கார்கள் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். விளையாட்டுக் கார்கள் இரண்டை நெருங்கும். காற்றழுத்தத்தால் தரையோடு அழுத்தப்படும் பந்தயக் கார்கள் மூன்று, நான்கு, அதற்கும் மேலே போகும்.

மனித உடம்புக்கும் இப்படி எண்கள் உண்டு. மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவைக்குள் இருப்பதைத்தான் உடம்பு மிகவும் வெறுக்கிறது. வயிறும் மார்புக்கூடும் அந்த வேகத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கும். உடல் அதிர்வுக்கான சர்வதேசத் தர அளவும் இந்தப் பகுதியைத்தான் அதிகக் கண்டிப்போடு மதிப்பிடுகிறது. மறுகோடியில் நொடிக்கு அரைத் தடவைக்கும் கீழே போனால் தோணியில் போவது போலக் குமட்டும். ஆகவே மென்மைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வளைவுக்கு வளைவு படகு போல அலையும் வண்டியை இம்மடல் பரிந்துரைக்கவில்லை. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே கார்க் கம்பெனிகள் கூடாரம் அடித்திருப்பது சோம்பலால் அல்ல என்பதுதான் செய்தி.

இனி வெட்டுவதால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். "கொஞ்சம்தான் வெட்டினோம், தாழ்த்தத்தான் வெட்டினோம், இறுக்கவில்லை" என்பார்கள். காயில் ஸ்பிரிங்கின் கணக்கு அப்படி இரங்காது. உயிரோடு வேலை செய்யும் சுற்றுகள் எத்தனை குறைகிறதோ அதே விகிதத்தில் இறுக்கம் கூடும். ஆறு சுற்றில் ஒன்றரை போனால் நாலரை. இறுக்கம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. கம்பியின் பருமன் இதைவிடப் பொல்லாதது. அது நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது: 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் 38 சதவீதம் இறுகும். ஒரு மில்லிமீட்டர்தான். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

சாக் அப்சர்பர் பழையதுதான். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் புகுந்து சூடாகி, வில்லின் துள்ளலைத் தின்று தீர்க்க வேண்டும். எவ்வளவு தின்ன வேண்டும் என்பது பழைய வில்லைக் கணக்கில் வைத்து முடிவானது. வில் மூன்றில் ஒரு பங்கு இறுகியதும், அதே அப்சர்பர் அடக்கும் திறன் ஒப்பீட்டில் 13 சதவீதம் குறைகிறது. அதாவது வண்டி முன்பைவிட வேகமாகத் துள்ளும், முன்பைவிட அதிகத் தடவை ஆடிய பிறகே அடங்கும். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய பிறகும் கூடுதலாகத் தலையாட்டுகிறதே, அது இதுதான்.

சிறிய காரில் சக்கரம் மேலே ஏற 7, 8 செ.மீ. இடம்தான் இருக்கும். மூன்று, நாலு செ.மீ. தாழ்த்தியதும் அதில் பாதி காலி. மிச்சப் பாதியையும் ஒரு வேகத்தடை தின்றுவிட்டால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டையில் போய் முட்டும். அந்தக் கணத்தில் வில் என்ற பேச்சே கிடையாது. வண்டி அந்த மூலையில் கட்டை வண்டி ஆகிவிட்டது. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது அது. அந்த அளவில் போட்ட வேகத்தடையைக் கண்ட தம்பிகள் கையைத் தூக்கலாம். நம் தெருக்களில் இருப்பது இரவோடு இரவாகக் கொட்டிய சிமெண்டு வரப்பு. அந்த வரப்பைத் தாண்டத்தான் அந்த எட்டு செ.மீ. இருக்கிறது.

வெட்டிய முனைக்கு இன்னொரு குணம் உண்டு. பல ஸ்பிரிங்குகளின் கடைசிச் சுற்று தட்டையாக மடிந்து, தன் கிண்ணத்தில் பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டது. அறுத்த முனை அப்படி உட்காராது. வண்டியை ஜாக்கியில் தூக்கும்போதோ, ஒரு சக்கரம் குழியில் தொங்கும்போதோ குட்டையான வில் கிண்ணத்தில் தளர்ந்து ஆடும். திரும்ப இறங்கும்போது அதே இடத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கிரைண்டரின் சூடு எஃகின் பதத்தைக் கெடுப்பது தனிக் கதை.

சரி, பாட்டி கதை இருக்கட்டும், வளைவில் சாயவில்லையே என்று கேட்பீர்கள். இதுதான் வழக்கின் நடு மையம். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஆயிரம் கிலோ வண்டி ஒன்று. எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 145 செ.மீ. ஒரு வளைவில் புவியீர்ப்பில் பாதி அளவுக்கு அது பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. சராசரி ஓட்டுநர் அந்த அளவுக்குப் போவதே அபூர்வம். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமை 190 கிலோ. இந்தக் கணக்கில் எடை இருக்கிறது, உயரம் இருக்கிறது, அகலம் இருக்கிறது. வில் எங்கே? இல்லை. மெத்தென்ற வில் போட்டாலும் இரும்புக் கட்டையே போட்டாலும் 190 கிலோ மாறியே தீரும். சாயும்போது எடை மையம் வெளிப்பக்கம் சற்று நகர்வதால் இன்னும் ஓர் இருபது கிலோ கூடலாம், அவ்வளவே. மூன்று செ.மீ. தாழ்த்தியதால் கிடைத்த லாபம் எவ்வளவு? சுமார் 10 கிலோ. அரிசிப் பை ஒன்று.

டயரின் சுபாவம் இன்னொன்று. சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். அதனால் ஒரே அச்சில் ஒரு சக்கரத்துக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவும் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிப்பு குறைகிறது. இங்கேதான் இறுக்கத்துக்கு உண்மையான வேலை வருகிறது. மாறும் 190 கிலோவில் முன்னச்சு எவ்வளவு சுமக்கிறது, பின்னச்சு எவ்வளவு சுமக்கிறது என்ற பாகப்பிரிவினையை இறுக்கம்தான் செய்கிறது. முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் முன்னச்சு அதிகம் ஏற்கும், முன் டயர்கள் முதலில் தோற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகும். பின்பக்கத்தை இறுக்கினால் பின்வால் வெளியே வீசும். ஸ்டெபிலைசர் பார் என்ற முறுக்குக் கம்பியை வைத்து எஞ்சினியர்கள் மாதக்கணக்கில் தீர்மானிப்பது இந்தப் பங்கைத்தான். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் அந்தக் கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். மெத்தென்ற வில்லும் குறைந்த சாய்வும் ஒரே வண்டியில் கிடைப்பது அந்தக் கம்பியின் தயவால். பட்டறையில் முன்னால் ஒன்றரைச் சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று கண்ணளவில் அறுப்பவருக்கு, தான் ஒரு பாகப்பத்திரத்தைத் திருத்திக்கொண்டிருப்பது தெரியாது.

பல சிறிய கார்களின் முன்பக்க அமைப்பில் இதைவிட வேடிக்கை ஒன்று நடக்கும். வண்டி தாழும்போது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டிச் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுகிறது. சாய வைக்கும் நெம்புகோல் நீள்கிறது. சாயக் கூடாது என்று தாழ்த்திய வண்டிக்குச் சாயும் ஆசை முன்பைவிடக் கூடிவிடுகிறது. இறுகிய வில் அதை மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் கண்ணாடி போன்ற சாலையில். நம் சாலைக்கு வருவோம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவின் நடுவே மழை அரித்த பள்ளம் இருக்கும். வண்டி முழுவதும் வெளிப்பக்க டயர்களில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம். மெத்தென்ற வில்லானால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டபடியே ஏறி வந்துவிடும். இறுகிய வில்லானால் சக்கரத்தின் சுமை ஒரு கணம் ஏறும், மறுகணம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும். பூஜ்யம் சுமையுள்ள டயருக்குப் பூஜ்யம் பிடிப்பு. வண்டி ஒரு சாண் பக்கவாட்டில் எட்டு வைக்கும். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர். "லேசா ஜம்ப் ஆச்சு" என்று சொல்லிச் சிரிப்பது அதைத்தான்.

இந்த உண்மையை உலகம் காசு கொடுத்துத்தான் கற்றது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்கு வந்த மாரிஸ் ஒல்லி என்ற பிரிட்டிஷ் எஞ்சினியர், ஏழு பேர் உட்காரும் பெரிய கார் ஒன்றின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டார். எடையை நகர்த்துவார், வில்லை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். அந்நாளில் முன் வில் இறுக்கமாகவும் பின் வில் மென்மையாகவும் இருப்பதுதான் வழக்கம். ஒல்லி கண்டது நேர் எதிர். முன் வில் பின் வில்லைவிட மென்மையாக இருந்தால் பயணம் அலையாமல் சமமாகிறது.

காரணம் எளிது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் சிறு காரில் பின்சக்கரம் அதே மேட்டுக்கு வர நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. முன்பக்கம் ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி மூக்கும் வாலுமாக ஊஞ்சலாடாமல் மொத்தமாக ஏறி இறங்கும். ஆனால் அன்றைய ஒற்றை அச்சில் முன் வில்லை மென்மையாக்கினால் ஸ்டீயரிங் நடுங்கியது. அதற்காகவே இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனியாகத் தொங்கவிடும் அமைப்பு 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வந்தது. இன்று உங்கள் காரின் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் ஏறி இறங்குவதற்குப் பின்னால், பின்சீட்டுக்காரர்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவர் இருக்கிறார்.

பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியின் தலைவர் பியர் பூலாஞ்ஜே 1930களில் தன் எஞ்சினியர்களுக்குக் கொடுத்த நிபந்தனை புகழ்பெற்றது: உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் ஒரு முட்டை உடையக் கூடாது. போர் குறுக்கிட்டு, 1948 பாரிஸ் கண்காட்சியில் அந்த நிபந்தனையில் பிறந்த 2சிவி கார் வெளிவந்தபோது அதற்கு வெறும் 375 சிசி எஞ்சின், 9 குதிரைச் சக்தி. சஸ்பென்ஷன் மட்டும் யாரிடமும் இல்லாதது. வண்டியின் பக்கவாட்டில் படுத்திருக்கும் குழாய்க்குள் முன்சக்கரத்தின் வில்லும் பின்சக்கரத்தின் வில்லும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. வளைவில் அந்தக் கார் சாயும் படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கும்; கதவுப்பிடி தரையைத் தொட்டுவிடும் போலிருக்கும். நாலு டயரும் தரையிலேயே இருக்கும். சாய்வு வேறு, பிடிப்பு வேறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே கம்பெனி 1955இல் டிஎஸ் என்ற காரில் இரும்பு வில்லையே எடுத்துவிட்டது. போல் மஜேஸ் வடிவமைத்த அந்த அமைப்பில் வில்லின் வேலையைக் கோளத்துக்குள் அடைத்த நைட்ரஜன் வாயு செய்தது; எண்ணெய் அதை அழுத்தியது. ஆள் ஏறினாலும் இறங்கினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொண்டது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிசை ஒட்டிய பெத்தி கிளமாரில் அதிபர் டிகோல் சென்ற டிஎஸ் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் பஞ்சராகியும் ஓட்டுநர் வண்டியைக் கட்டுக்குள் வைத்து வேகமாக வெளியேற்றினார். அதிபரும் மனைவியும் தப்பினார்கள்.

எதிர்க்கட்சியின் சாட்சிகளையும் கூப்பிடுவதுதான் நியாயம். 1959இல் வந்த மினியில் வில்லுக்குப் பதில் அலெக்ஸ் மோல்டனின் ரப்பர்க் கூம்புகள். சவாரி கடுசுதான். இருந்தும் 1964, 65, 67 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை அது வென்றது. ஆனால் அந்த வெற்றியில் ரப்பரின் இறுக்கத்துக்கு இருந்த பங்கைவிட, வண்டியின் நாலு மூலைக்குத் தள்ளி வைத்த 10 அங்குலச் சிறு சக்கரங்களுக்கும் குறைந்த எடைக்கும் இருந்த பங்கு அதிகம். அதே மோல்டன் அடுத்த சில ஆண்டுகளில் முன்னும் பின்னும் நீரால் இணைந்த மெத்தென்ற அமைப்பைக் கண்டுபிடித்து, மினியிலேயே பொருத்தினார்.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது. 1997 அக்டோபரில் ஒரு சுவீடன் பத்திரிகை மெர்சிடஸின் புதிய ஏ கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று காட்டுமான் வந்தால் சட்டென்று ஒதுங்கித் திரும்பும் சோதனை. உயரமான அந்தக் குட்டிக் கார் கவிழ்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, வண்டியைத் தாழ்த்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, டயரை மாற்றித் திரும்ப இறக்கியது. "பார்த்தீர்களா, அவர்களும் தாழ்த்தினார்கள்" என்று துள்ள வேண்டாம். வில், அப்சர்பர், டயர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துத் திருத்தி, அதன்மேல் ஈஎஸ்பி என்ற மின்னணுக் காவலையும் எல்லா வண்டிக்கும் கொடுத்தார்கள். உங்கள் காரில் ஈஎஸ்பி இருந்தால் அதற்குள் இருக்கும் கணக்கும் கம்பெனி போட்ட வில்லை நம்பித்தான் எழுதப்பட்டது. வெட்டிய செய்தியை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இறுக்கம் வேகமாகத் தோன்றுவதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இறுகிய வண்டி ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே பதில் சொல்கிறது. மென்மையான வண்டி முதலில் சாய்ந்து, பிறகு திரும்புகிறது. அந்தச் சிறு தாமதம் இல்லாதபோது கைக்கு உற்சாகம் வருகிறது. நல்ல விளையாட்டுக் கார் அந்த உற்சாகத்தை அளவோடு தருகிறது. ஆனால் உற்சாகத்தைக் கொண்டு பிடிப்பை அளக்க முடியாது.

பந்தயக் கார்கள் ஏன் பாறை போல இருக்கின்றன என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் நடந்த பந்தயத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வி பல பட்டறைகளில் எழுந்திருக்கும். அந்தக் கார்களுக்கு இறக்கைகள் இருக்கின்றன. வேகத்தில் காற்று அவற்றைக் கீழே அழுத்தும். வண்டி தரையிலிருந்து இருக்கும் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் அந்த அழுத்தம் மாறும். உயரம் மாறாமல் பிடித்து வைக்கத்தான் அந்த இறுக்கம். அதை வேண்டி விரும்பி யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 1992இல் வில்லியம்ஸ் அணியின் கார் கணினியால் தன் உயரத்தைத் தானே காத்துக்கொண்டது. நைஜல் மான்செல் ஒன்பது பந்தயங்களை வென்று உலகச் சாம்பியன் ஆனார். 1994 முதல் அந்த வசதிக்குத் தடை. 2022இல் ஃபார்முலா ஒன் கார்களின் அடிப்பாகம் தரையை உறிஞ்சும் வடிவத்துக்குத் திரும்பியபோது மிகத் தாழ்வாக, மிக இறுக்கமாக ஓட வேண்டியதாயிற்று. பாக்கு நகரின் நீண்ட நேர்கோட்டில் கார்கள் டால்ஃபின் போலத் துள்ளின. லூயிஸ் ஹாமில்டன் நாலாவதாக வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கிய காட்சியை உலகமே பார்த்தது. பந்தயத்தை நடத்தும் எஃப்ஐஏ அமைப்பு ஓட்டுநர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டித் தலையிட்டது. ஹாமில்டன் ஏழு முறை உலகச் சாம்பியன், அதுவும் பயிற்சி பெற்ற உடம்பு. உங்கள் பாட்டிக்கு எழுபது வயது.

இறக்கையை அவ்வளவாக நம்பாத, மோசமான பாதையில் வேகமாக ஓட வேண்டிய பந்தயம் ராலி. அதைப் பாருங்கள். மண் பாதைக்கு வரும் உலக ராலிக் காரின் சக்கரம் 25 செ.மீ.க்கும் மேல் ஏறி இறங்கும். அதே காரை, அதே அணி, தார்ச் சாலை ராலிக்குக் கொண்டுவரும்போது தாழ்த்தி இறுக்குகிறது. ஓட்டுநரின் வீரம் மாறவில்லை, சாலை மாறியது. உங்கள் வண்டி அடுத்த மாதம் எந்தச் சாலையில் ஓடப் போகிறது? நாமக்கல் பைபாஸா, வீட்டுக்குப் போகும் மெட்ரோ தோண்டிய தெருவா?

இறுக்கம் சுமையோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு ஒரு தெருச் சாட்சியும் உண்டு. குட்டி யானை என்ற சிறு சரக்கு வண்டி காலியாக வரும்போது கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். சரக்கு ஏற்றியதும் அதே வண்டி நிதானமாகப் போகும். முழுச் சுமைக்கு அளந்த வில் காலி வண்டிக்கு இறுக்கமாகிவிடுகிறது. வெட்டிய வில்லோடு தனியாக ஓட்டும் கார், பக்கத்துச் சீட்டில் நண்பன்கூட இல்லாமல், காலிக் குட்டி யானைதான். குடும்பத்தோடு டிக்கி நிறையப் பெட்டி ஏற்றினால் துள்ளல் குறையும், ஆனால் அமுங்க இடம் இருக்காது. பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தே திருச்செந்தூர் போய்ச் சேரும்.

பெரிய அலாய் வீல், ஒட்டிய டயர் என்ற ஆசைக்கும் ஒரு வரி. டயரும் ஒரு வில்தான். அது காரின் வில்லைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமானது. ஆனாலும் கூரான சிறு கற்களையும் பாலத்தின் இணைப்புகளையும் முதலில் விழுங்குவது அதன் பக்கச்சுவர்தான். பக்கச்சுவரைப் பாதியாக்கினால் அந்த வேலை ரிம்முக்குப் போகும். ரிம் வளையும்.

வண்டி நன்றாகத் திரும்ப வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அந்த ஆசைக்குச் செலவழிக்க வரிசை ஒன்று உண்டு. முதலில் நல்ல டயரும் சரியான காற்றும். ரோட்டைப் பிடிப்பது அது மட்டும்தான். அடுத்து அப்சர்பர். வண்டியின் ஒரு மூலையை உடம்பின் எடையெல்லாம் கொடுத்து அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி, மேலும் மேலும் ஆடினால் அது செத்துவிட்டது. ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் நாலு புது அப்சர்பரும் புது புஷ்களும் போட்டு வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு ஓட்டினால், வெட்டாமலே வண்டி புதிதாகத் திரும்பும். இவ்வளவுக்கும் பிறகு தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கென்றே வில்லும் அப்சர்பரும் ஜோடியாகச் செய்த செட்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான். அந்த விலையில் பாதி, வில்லுக்கும் அப்சர்பருக்கும் பொருத்தம் பார்த்ததற்கான கூலி.

வேகத்தின் சுவை வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயப் பாதை இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே சாலை சமம், எதிரே வண்டி வராது, வளைவில் மாடு படுத்திருக்காது, பின்சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். இறுக்கமான வில்லுக்கு அதுதான் இடம்.

கிரைண்டரை எடுக்குமுன் இந்த வாரம் இரண்டே இரண்டு காரியம் செய்யுங்கள். காரின் அடியில் குனிந்து அப்சர்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து இருபது கிலோமீட்டர் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
பின்சீட்டுக்காரர்கள் சார்பில்